கரும்பலகை கொண்டு வந்த ஆலிம்!

குழந்தைகளே, உங்கள் வகுப்பறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உட்கார பெஞ்சு, எழுத மேசை, எதிரே கரும்பலகை. இதைப் பார்த்து யாராவது கோபப்படுவார்களா? கோபப்பட்டார்கள்! நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் தன் வீட்டில் பெஞ்சும் கரும்பலகையும் போட்டு, பிள்ளைகளுக்குக் குர்ஆன் சொல்லிக் கொடுத்தார். அதற்காக ஊரில் பலர் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். மதத்தைக் கெடுக்க வந்தவர் என்றார்கள். அவர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பவே தயங்கினார்கள்.

அவர் பெயர் அகமத் தஹ்லான். இந்தோனேசியாவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அவர் பெயர் நன்றாகவே தெரியும். அந்த நாட்டு அரசு அவரைத் தேசிய வீரர் என்று அறிவித்திருக்கிறது. வீரர் என்றதும் கையில் வாள் இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அவர் கையில் இருந்தது சுண்ணாம்புக் கட்டிதான்!

உலக வரைபடத்தை எடுத்து இந்தோனேசியாவைத் தேடுங்கள். அதில் ஜாவா என்று ஒரு நீளமான தீவு தெரியும். அதன் நடுப்பகுதியில், தெற்குக் கரையை ஒட்டி இருக்கிறது யோக்யகார்த்தா நகரம். போரோபுதூர் புத்தர் கோயிலும், பிரம்பானான் சிவன் கோயிலும் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. துணியில் மெழுகால் கோலம் போட்டு, சாயத்தில் தோய்த்து எடுப்பார்களே, பத்திக் துணி... அதற்கும் பேர் போன ஊர் இது. ஊருக்கு ஒரு சுல்தான் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் சுல்தானுக்கு மேலே டச்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நம் நாட்டை ஆங்கிலேயர்கள் ஆண்டது போல, அந்த நாட்டை ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள்.

சுல்தானின் பெரிய பள்ளிவாசலைச் சுற்றிக் குறுகலான சந்துகள் நிறைந்த ஒரு குடியிருப்பு உண்டு. அதன் பெயர் கௌமான். 1868-ம் ஆண்டு அங்கே ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. முகம்மது தர்விஷ் என்று பெயர் வைத்தார்கள். அப்பா அபுபக்கர், பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பிரசங்கம் செய்பவர். அம்மா சித்தி ஆமினா. வீட்டில் மொத்தம் ஏழு பிள்ளைகள். தர்விஷ் நான்காவது. கடைசித் தம்பியைத் தவிர மற்ற எல்லாரும் சகோதரிகள். இத்தனை பேருக்கு நடுவே வளர்ந்தால் வீடு எப்படிக் கலகலப்பாக இருந்திருக்கும், பாருங்கள்!

தர்விஷ் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் தெரியுமா? அப்போது ஜாவாவில் இரண்டு வகையான படிப்பு இருந்தது. ஒன்று, டச்சு அரசாங்கம் நடத்திய பள்ளிகள். அங்கே கணக்கு, பூகோளம், டச்சு மொழி எல்லாம் உண்டு. மதப் பாடம் கிடையாது. இன்னொன்று, கியாய்கள் நடத்திய மதப் பள்ளிகள். நம் ஊரில் ஆலிம் என்று சொல்கிறோமே, அவர்களை அங்கே கியாய் என்பார்கள். மாணவர்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அரபு நூல்களை ஓதி மனப்பாடம் செய்வார்கள். அங்கே கணக்கும் இல்லை, பூகோளமும் இல்லை. டச்சுப் பள்ளியில் படித்தவர்கள் பாயில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து, உலகம் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்தார்கள். பாயில் உட்கார்ந்தவர்களோ, டச்சுப் பள்ளிக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடுவான் என்று பயந்தார்கள். கௌமான் மக்கள் இரண்டாவது வகை. அதனால் தர்விஷ் அப்பாவிடமும், அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் ஓதக் கற்றுக்கொண்டான்.

இளம் வயதிலேயே மக்காவுக்கு ஹஜ் பயணம் போகும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது. இப்போது விமானத்தில் சில மணி நேரத்தில் போய்விடலாம். அப்போது கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டும். போனவர்கள் உடனே திரும்பி வராமல், அங்கேயே தங்கிப் படிப்பதும் உண்டு. தர்விஷும் படித்தார். (மக்காவுக்குப் போய் வந்தவரை இனிமேல் அவன், இவன் என்று சொல்லக் கூடாது அல்லவா!) ஹஜ் முடித்து வருபவர்கள் புதுப் பெயர் வைத்துக்கொள்வது ஜாவாவில் வழக்கம். அப்படித்தான் தர்விஷ், அகமத் தஹ்லான் ஆனார். உறவுக்காரப் பெண்ணான சித்தி வாலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். இந்த அம்மாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

தஹ்லானின் அப்பா 1896-ல் காலமானார். பள்ளிவாசலில் பிரசங்கம் செய்யும் பொறுப்பு மகனுக்கு வந்தது. வீட்டுச் செலவுக்குப் பத்திக் துணி வியாபாரம் செய்தார். வியாபாரத்துக்காகப் போகிற ஊரில் எல்லாம் அங்குள்ள ஆலிம்களைத் தேடிப் போய்ப் பேசுவார். எகிப்து நாட்டில் முகம்மது அப்துஹு என்ற அறிஞர் இருந்தார். மதக் கல்வியும் அறிவியல் கல்வியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்று எழுதியவர் அவர். அந்த எழுத்துகளையும் தஹ்லான் விரும்பிப் படித்தார். வானியல் கணக்கும் அவருக்கு அத்துப்படி. அந்தக் கணக்குதான் அவரை முதல் சிக்கலில் மாட்டிவிட்டது.

முஸ்லிம்கள் தொழும்போது மக்காவில் உள்ள கஅபாவின் திசையை நோக்கி நிற்பார்கள். அந்தத் திசைக்குக் கிப்லா என்று பெயர். ஜாவாவில் பெரும்பாலான பள்ளிவாசல்கள் நேர் மேற்கைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. மக்கா மேற்கில்தானே இருக்கிறது, அதற்கென்ன என்று கேட்கிறீர்களா? வரைபடத்தை மறுபடி பாருங்கள். ஜாவா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. மக்கா வடக்கே இருக்கிறது. யோக்யகார்த்தாவில் இருந்து சரியாகக் கணக்கிட்டால், நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 25 டிகிரி வடக்குப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். உங்கள் கோணமானியில் 25 டிகிரி வைத்துப் பாருங்கள், அது ஒன்றும் சின்ன வித்தியாசம் இல்லை என்று தெரியும்.

1890-களின் கடைசியில் தஹ்லான் இதைப் பற்றி மற்ற ஆலிம்களிடம் பேசினார். எளிதில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் விடிந்து பார்த்தால், பெரிய பள்ளிவாசலின் தரையில் யாரோ சாய்வாக வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள்! தொழுகைக்கு வரிசையாக நிற்பதற்கான கோடுகள், புதிய திசையில். ஊரில் பெரிய பரபரப்பு. தலைமை மதகுருவுக்குக் கடும் கோபம். கோடுகளை அழிக்கச் சொன்னார். அத்தோடு விடவில்லை. தஹ்லான் தன் வீட்டருகே ஒரு சிறிய தொழுகைக்கூடம் வைத்திருந்தார். அது கணக்குப்படி சரியான திசையில் அமைந்தது. அதை இடித்துவிடும்படி உத்தரவு வந்தது. ஆட்கள் வந்து இடித்தே விட்டார்கள்.

அப்பா விட்டுப் போன இடம், பிள்ளைகள் உட்கார்ந்து ஓதிய இடம் இடிந்து கிடந்தால் எப்படி இருக்கும்? தஹ்லான் மனம் உடைந்து போனார். இனி இந்த ஊரே வேண்டாம் என்று மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உறவினர் ஒருவர்தான் பின்னாலேயே போய், சமாதானம் சொல்லி, கூடத்தைத் திரும்பக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்து அழைத்து வந்தார். சொன்னபடியே கட்டியும் கொடுத்தார்கள். பிற்காலத்தில் பெரிய பள்ளிவாசலும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கட்டடம் ஒரு திசையைப் பார்த்து நிற்க, உள்ளே தொழுகை வரிசைகள் மட்டும் சாய்வாக இருப்பதை இன்றும் பார்க்கலாம்.

இந்த அனுபவத்தில் தஹ்லானுக்கு ஒன்று புரிந்தது. பெரியவர்களோடு வாதம் செய்து பயனில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கும் பூகோளமும் தெரிந்திருந்தால், வரைபடத்தைக் காட்டியதும் அவர்களே திசையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்! ஆக, மதப் பாடமும் உலகப் பாடமும் ஒரே மாணவனுக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் எப்படி?

1903-ல் மறுபடியும் மக்காவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். அதற்குள் ஜாவாவில் காற்று மாறத் தொடங்கியிருந்தது. படித்த இளைஞர்கள் சேர்ந்து 1908-ல் புதி உத்தோமோ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டச்சுப் பள்ளிகளில் படித்தவர்களும் அரசு வேலையில் இருந்தவர்களும் நிறைந்த சங்கம் அது. தலைப்பாகை கட்டிய ஆலிம் ஒருவர் அங்கே போவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தஹ்லான் போனார். 1909-ல் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டார். கூட்டம் முடிந்த பிறகு அங்கிருந்தவர்களோடு மதத்தைப் பற்றி எளிமையாகப் பேசுவார். சங்கத்தில் பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள். இதை எங்கள் மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது.

யோக்யகார்த்தாவில் ஜெத்திஸ் என்ற பகுதியில் அரசாங்கத்தின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்தது. உங்கள் அண்ணன்மார் வயதுப் பையன்கள், நாளைக்கு ஆசிரியர் ஆகப் போகிறவர்கள், அங்கே படித்தார்கள். அரசுப் பள்ளி என்பதால் பாட வேளைக்குள் மதத்துக்கு இடமில்லை. எனவே பள்ளி நேரம் முடிந்த பிறகு, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று ஏற்பாடு ஆனது. தஹ்லான் அங்கே போய் இஸ்லாமியப் பாடம் நடத்தத் தொடங்கினார். அரசுப் பள்ளிக்குள் மதப் பாடம் நுழைந்தது இப்படித்தான். மகெலாங் நகரில் அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளியிலும் பிறகு அவர் வகுப்பு எடுத்தார்.

இந்த மாணவர்கள் கெட்டிக்காரர்கள். அறிவியல் படித்தவர்கள். மனப்பாடம் செய் என்றால், எதற்கு என்று கேட்பார்கள். தஹ்லான் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்கவிட்டு, அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குவார். வகுப்பு போதாமல் விடுமுறை நாளில் கௌமானில் இருக்கும் அவர் வீட்டுக்கே மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். 2010-ல் இந்தோனேசியாவில் தஹ்லானைப் பற்றி ஒரு திரைப்படம் வந்தது. அதில் ஒரு காட்சி உண்டு. மதம் என்றால் என்ன என்று பையன்கள் கேட்க, அவர் வயலினை எடுத்து இனிமையாக வாசிக்கிறார். பிறகு ஒரு மாணவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். கீச்... கீச்! எல்லாரும் சிரிக்கிறார்கள். முறையாகக் கற்றால் மதமும் இனிமையாக இருக்கும், அரைகுறையாகக் கற்றால் காதைக் கிழிக்கும் என்பது அந்தக் காட்சியின் பொருள். படத்துக்காகச் சேர்த்ததோ என்னவோ, அவருடைய பாடம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இது உதவுகிறது.

அரசுப் பள்ளிக்குள் மதப் பாடத்தைக் கொண்டுபோயாயிற்று. இனி மதப் பள்ளிக்குள் கணக்கையும் கரும்பலகையையும் கொண்டுவர வேண்டுமே! 1911-ல் தன் வீட்டு முன்னறையிலேயே பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அறையின் அகலம் இரண்டரை மீட்டர், நீளம் ஆறு மீட்டர். உங்கள் வீட்டுக் கூடம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். சில மேசைகள், சில பெஞ்சுகள், ஒரு கரும்பலகை. மாணவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மதப் பாடத்தைத் தஹ்லான் நடத்தினார். மற்றப் பாடங்களை நடத்தப் புதி உத்தோமோ நண்பர்கள் உதவினார்கள்.

கௌமானில் மீண்டும் புயல்! பெஞ்சில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து குர்ஆன் படிப்பதா? டச்சுக்காரன் பழக்கம் இது என்றார்கள். தஹ்லானையே மதத்துக்குப் புறம்பானவர் என்றார்கள். சேர்ந்த பிள்ளைகளும் சில நாள் வருவார்கள், சில நாள் வர மாட்டார்கள். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஆசிரியரே நடந்து போய், பேசிக் கூட்டி வருவார். இப்போது நீங்கள் வகுப்புக்கு மட்டம் போட்டால் அப்படி யார் வருவார்கள்!

அப்போது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. மகெலாங்கில் இருந்து ஓர் ஆசிரியர் தஹ்லானைப் பார்க்க வந்தார். மேசையையும் பெஞ்சையும் பார்த்ததும் முகம் சுளித்தார். இவையெல்லாம் நம் மதத்தைச் சேராதவர்களின் பொருட்கள், இவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கண்டித்தார். தஹ்லான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, மகெலாங்கிலிருந்து இவ்வளவு தூரம் நடந்தா வந்தீர்கள் என்று விசாரித்தார். நடப்பதாவது, ரயிலில்தான் வந்தேன் என்றார் வந்தவர். ரயிலும் டச்சுக்காரர்கள் கொண்டு வந்ததுதானே, அப்படியானால் திரும்பும்போது நடந்தே போகப் போகிறீர்களா என்று தஹ்லான் கேட்க, வந்தவர் வாயடைத்துப் போனார். மகெலாங் சுமார் 40 கிலோமீட்டர் தூரம்!

சிறிது சிறிதாகப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்த நேரத்தில் பயிற்சிப் பள்ளி மாணவர்களிடமிருந்து ஒரு யோசனை வந்தது. ஐயாவுக்குப் பிறகு இந்தப் பள்ளி என்னவாகும்? ஒருவர் வீட்டில், ஒருவர் காசில் நடக்கும் பள்ளி அவரோடு முடிந்துவிடுமே! அதனால் ஒரு சங்கம் அமைத்து அதன் பொறுப்பில் விட வேண்டும் என்றார்கள். மாணவர்கள் ஆசிரியருக்குச் சொன்ன பாடம் இது. அவர் கேட்டுக்கொண்டார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1912 நவம்பர் 18 அன்று முகம்மதியா என்ற அமைப்பு பிறந்தது. டச்சு அரசு உடனே அனுமதி தரவில்லை. 1914-ல் தந்தது, அதுவும் யோக்யகார்த்தாவுக்கு மட்டும். வெளியூர்க்காரர்கள் வேறு வேறு பெயர்களில் கிளைகளை நடத்திச் சமாளித்தார்கள்.

தஹ்லானின் பாடம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை இந்தோனேசியாவில் இன்றும் சொல்வார்கள். தினமும் விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு அவர் வகுப்பு எடுப்பார். ஒரு முறை குர்ஆனின் 107-வது அத்தியாயத்தை நடத்தினார். மிகச் சிறியது. ஏழே வசனங்கள். அனாதைகளை விரட்டுபவர்களையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவர்களையும் அது கண்டிக்கிறது. மறுநாளும் அதே பாடம். அதற்கு மறுநாளும் அதே. ஒரு மாணவருக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்கு இது மனப்பாடம் ஆகிவிட்டதே, அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாதா என்று கேட்டுவிட்டார்.

மனப்பாடம் ஆனது சரி, செய்தீர்களா என்று கேட்டார் தஹ்லான். தொழுகையில் தினமும் ஓதுகிறோமே என்றார்கள் மாணவர்கள். அதை அவர் கேட்கவில்லை! சந்தைக்கும் தெருக்களுக்கும் போங்கள், ஏழை ஒருவரை, அனாதைப் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் குளிக்க வையுங்கள், நல்ல துணி கொடுங்கள், சாப்பாடு போடுங்கள், அதன் பிறகு அடுத்த பாடம் என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டார். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிளம்பினார்கள். அந்த ஒரு பாடத்தில் இருந்து என்னென்ன முளைத்தன தெரியுமா? ஏழைகளுக்கு உதவும் குழு, அனாதை இல்லம், 1923-ல் யோக்யகார்த்தாவில் ஒரு மருத்துவ நிலையம். அந்த நிலையம் வளர்ந்து இன்று பெரிய மருத்துவமனையாக இருக்கிறது.

முன்பு சித்தி வாலிதாவை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், அவர் பெண்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார். பத்திக் பட்டறைகளில் பகல் முழுவதும் வேலை செய்யும் பெண்கள் எப்போது படிப்பார்கள்? அவர்களுக்காக மாலைத் தொழுகைக்குப் பிறகு வகுப்பு வைத்தார். 1917-ல் அந்தப் பெண்கள் குழு ஆயிசியா என்ற அமைப்பாக வளர்ந்தது. இந்த அம்மாவும் பிற்காலத்தில் இந்தோனேசியாவின் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார்.

1918-ல் இரண்டு புது முயற்சிகள். பள்ளிகள் பெருகியதும் ஆசிரியர் பஞ்சம் வந்தது. மதமும் தெரிந்து, கணக்கும் அறிவியலும் தெரிந்த ஆசிரியருக்கு எங்கே போவது? அதனால் அப்படிப்பட்ட ஆசிரியர்களை உருவாக்கவே ஒரு மேல்நிலைப் பள்ளியைத் தஹ்லான் தொடங்கினார். பலமுறை பெயர் மாறி, ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டாகப் பிரிந்து, இன்றும் அது நடக்கிறது. இன்னொன்று, சாரணர் படை! பக்கத்து நகரமான சோலோவுக்கு அவர் அடிக்கடி பாடம் நடத்தப் போவார். அங்கே அரண்மனை மைதானத்தில் சீருடை அணிந்த பையன்கள் வரிசையாக அணிவகுத்துப் பயிற்சி செய்வதைப் பார்த்தார். பார்த்ததும் பிடித்துவிட்டது. நம் பையன்களுக்கும் இது வேண்டும் என்று ஊர் திரும்பியதும் ஏற்பாடு செய்தார். பின்னாளில் இந்தோனேசிய விடுதலைப் போரில் படைத் தலைவராக இருந்த சுதிர்மான், இளமையில் இந்தச் சாரணர் படையில் இருந்தவர். முகம்மதியா பள்ளியில் ஆசிரியராகவும் வேலை பார்த்தவர்.

பள்ளிகள் பெருகினால் செலவும் பெருகுமே! ஒரு சமயம் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. சுமார் 500 கில்டர் தேவைப்பட்டது. கில்டர் என்பது டச்சு நாணயம். அந்தக் காலத்தில் 500 கில்டர் பெரிய தொகை. தஹ்லான் என்ன செய்தார் தெரியுமா? ஜாவாவில் குடைந்த மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைத் தட்டினால் ஊர் கூடிவிடும். அவர் அதைத் தட்டினார். கௌமான் மக்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். என் வீட்டுச் சாமான்களை எல்லாம் ஏலம் விடுகிறேன், கேளுங்கள் என்றார். மேசை, நாற்காலி, அலமாரி, உடுத்தும் துணிமணி எல்லாம் ஏலத்துக்கு வந்தன.

கூட்டத்தில் பலர் அவரிடம் படித்தவர்கள். பலருடைய கண் கலங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு பொருளைப் போட்டி போட்டு விலைக்குக் கேட்டார்கள். கடைசியில் 4,000 கில்டருக்கும் மேல் சேர்ந்துவிட்டதாம்! ஆனால் வாங்கிய பொருளை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பணத்தை வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தார்கள். சாமானை எடுத்துக்கொண்டு போங்கள் என்று தஹ்லான் கூப்பிட்டும் யாரும் கேட்கவில்லை. சம்பளத்துக்கு வேண்டியது போக, மீதிப் பணமும் முகம்மதியாவுக்கே என்று சொல்லிவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே கௌமானில்தான் அவருடைய தொழுகைக்கூடத்தை இடித்தார்கள்.

ஊர் ஊராக அலைந்ததில் அவர் உடம்பு கெட்டது. ஓய்வு எடுக்கும்படி மருத்துவர் சொன்னார். மலைப்பகுதி ஒன்றுக்கு ஓய்வெடுக்கப் போனார். அங்கே போயும் சும்மா இருக்கவில்லை. மனைவி எவ்வளவோ கெஞ்சினார். வேகமாகச் செய்தால்தான் மிச்சத்தைப் பிறர் முடிக்க முடியும் என்று சொல்லிவிட்டாராம். 1923 பிப்ரவரி 23 அன்று அகமத் தஹ்லான் காலமானார். அப்போது வயது 54. யோக்யகார்த்தாவில் கராங்கஜென் என்ற இடத்தில் அடக்கம் செய்தார்கள். 1961-ல் அவருக்குத் தேசிய வீரர் பட்டம் கிடைத்தது.

அந்தச் சின்ன முன்னறைப் பள்ளி என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? முகம்மதியாவுக்கு இன்று ஆயிரக்கணக்கான பள்ளிகளும் நூற்றுக்கும் அதிகமான உயர்கல்வி நிறுவனங்களும் உள்ளன. இந்தோனேசியா விடுதலை பெற்ற பிறகு, அரசுப் பள்ளிகளில் மதப் பாடம் உண்டு என்று 1950-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது. வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம் என்றிருந்தது. 1966-ல் அது கட்டாயப் பாடம் ஆயிற்று. பள்ளி நேரம் முடிந்த பிறகு தஹ்லான் நடத்திய வகுப்பு, இப்போது பாட அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது! 2003-ல் வந்த சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. எந்த மாணவருக்கும் அவரவர் மதத்தை, அதே மதத்தைச் சேர்ந்த ஆசிரியர்தான் சொல்லித் தர வேண்டும்.

இந்தோனேசியாவின் கிழக்கே புளோரஸ் என்று ஒரு தீவு. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அந்தத் தீவில் எந்தே என்ற ஊரில் முகம்மதியா மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதில் கிறிஸ்தவ மாணவர்கள் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். மதப் பாட வேளை வந்தால் முஸ்லிம் மாணவர்கள் ஒரு வகுப்புக்கும், கிறிஸ்தவ மாணவர்கள் இன்னொரு வகுப்புக்கும் போவார்கள். இரண்டாவது வகுப்பில் பாடம் நடத்தியவர் ஒரு கிறிஸ்தவ ஆசிரியர். அவரை நியமித்ததும் முகம்மதியா பள்ளிதான்.